விட்டுவிட்டு எரியும் கியர் விளக்கு

கேள்வி: ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தில் இருக்கும் மோட்டார்ஹோம் ஒன்று. டீசல் என்ஜின், தானியங்கி கியர். நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓடினாலும் தொல்லை இல்லை. ஊருக்குள் சிக்னலில் நின்று கிளம்பும்போதோ, முகாம் மைதானத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தும்போதோ டாஷ்போர்டில் கியர்பாக்ஸ் எச்சரிக்கை எரிகிறது. சில நேரம் கியரே விழுவதில்லை. என்ஜினை அணைத்து, சற்றுப் பொறுத்துக் கிளப்பினால் விளக்கு போய்விடுகிறது. பட்டறையில் காட்டும்போது கோளாறு எதுவும் தெரிவதில்லை. தேடலை எங்கே தொடங்குவது?

பதில்: கியர்பாக்ஸுக்குள் ஒரு பல் உடைந்திருந்தால், ஐந்து நிமிட ஓய்வில் அது மீண்டும் முளைத்துவிடாது. தேய்ந்த பேரிங்கும் அப்படித்தான். அணைத்துக் கிளப்பினால் மறையும் எச்சரிக்கைக்குப் பின்னால் இருப்பது, பெரும்பாலும் சில நிமிடங்களுக்குள் மாறக்கூடிய ஏதோ ஒன்று. வண்டியில் அப்படி மாறக்கூடியவை அதிகம் இல்லை: மின்னழுத்தம், சூடு, ஈரம், ஒயர் இணைப்பின் பிடிப்பு, எண்ணெயின் அழுத்தம். இவற்றைப் பார்த்து முடிக்கும் முன் கியர்பாக்ஸை இறக்கச் சொல்லும் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துச் செல்வதே நல்லது.

விளக்கு ஏன் தானாக அணைகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கியர்பாக்ஸுக்கென்று தனிக் கட்டுப்பாட்டுக் கணினி இருக்கிறது. வேகம், கிளட்சின் நிலை, கியர் முட்கரண்டியின் நிலை, எண்ணெய் அழுத்தம், பிரேக் மிதி, பேட்டரி வோல்ட் ஆகியவற்றை அது இடைவிடாமல் படிக்கிறது. ஏதாவது ஓர் எண் எல்லை மீறினால் அதற்குரிய கோளாறுக் குறியீட்டை நினைவில் எழுதிவைத்து விளக்கை எரியவிடுகிறது. சாவியை அணைத்துத் திருப்பும்போது சோதனை முதலிலிருந்து தொடங்குகிறது. அந்த நேரத்தில் எல்லா எண்களும் சரியாக இருந்தால் விளக்கு எரிய வேண்டிய காரணம் இல்லை. ஆனால் பழைய குறியீடு நினைவில் அப்படியே கிடக்கும். ஆகவே அணைத்துக் கிளப்புவதால் எந்தப் பழுதும் நீங்கிவிடுவதில்லை, சாட்சியும் அழிந்துவிடுவதில்லை. சாட்சியை அழிப்பது, ஸ்கேனரில் ‘அழி’ என்ற பொத்தானை அவசரப்பட்டு அழுத்தும் கைதான்.

அடுத்து, வண்டியில் இருப்பது எந்த வகைக் கியர்பாக்ஸ் என்று தெரிந்துகொள்ள வேண்டும். மோட்டார்ஹோம்களில் ‘ஆட்டோமேட்டிக்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறுபட்ட இயந்திரங்கள் புழங்குகின்றன. ஒன்று ரோபோ வகை. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸும் உலர்ந்த ஒற்றை கிளட்சும்தான். ஓட்டுநரின் கால் கையின் வேலையை மட்டும் மின்பம்பும் வால்வுகளும் செய்கின்றன. மற்றொன்று டார்க் கன்வெர்ட்டர் வகை. இதில் என்ஜினுக்கும் கியர்களுக்கும் நடுவே எண்ணெய்தான் விசையைக் கடத்துகிறது. பிரித்தறிவது எளிது. கியர் கம்பியில் பார்க்கிங் நிலை இல்லாமல், பிரேக்கை விட்டாலும் வண்டி தானாக நகராமல் இருந்தால் அது பெரும்பாலும் ரோபோ. பார்க்கிங் நிலை இருந்து, பிரேக்கை விட்டதும் மெல்ல நகரத் தொடங்கினால் டார்க் கன்வெர்ட்டர்.

ஐரோப்பிய மோட்டார்ஹோம்களில் பெரும்பகுதி ஃபியட் டுகாட்டோ வேனின் அடிச்சட்டத்தின் மேல் கட்டப்பட்டவை. 2006இல் வந்த டுகாட்டோ தலைமுறையிலும் அதன் 2014ஆம் ஆண்டு மறுவடிவிலும் கிடைத்த கம்ஃபர்ட்மேட்டிக், 6 வேக ரோபோ வகை. 2019இல்தான் ஃபியட் அதைக் கைவிட்டு, இசட்எஃப் நிறுவனத்தின் வடிவமைப்பிலான 9 வேக டார்க் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸுக்கு மாறியது. எனவே 2006க்கும் 2019க்கும் இடைப்பட்ட டுகாட்டோ மோட்டார்ஹோமில் ‘ஆட்டோமேட்டிக்’ என்று எழுதியிருந்தால் அது ரோபோ வகையே. கேள்வியில் வரும் அறிகுறிகளும் அதனோடுதான் பொருந்துகின்றன: நெடுஞ்சாலையில் நிம்மதி, நின்று கிளம்பும் இடத்தில் தொல்லை. கிளட்சை விடுவது, முதல் கியரைப் போடுவது, பிறகு மெல்லச் சேர்ப்பது என்று அந்த அமைப்பு அதிகம் உழைப்பது நின்று கிளம்பும்போதுதான். ஆறாவது கியரில் ஓடிக்கொண்டிருக்கையில் அதற்குக் கிட்டத்தட்ட ஓய்வு.

இந்த அமைப்பின் மையம் ஒரு மின்பம்பு. அது ஒரு தனி எண்ணெயை உயர் அழுத்தத்துக்கு ஏற்றி, நைட்ரஜன் வாயு அடைத்த ஒரு சிறு சேமிப்புக் குடுவையில் தள்ளுகிறது. அங்கிருந்து சோலினாய்டு வால்வுகள் வழியாக எண்ணெய் கிளட்சுக்கும் கியர் முட்கரண்டிகளுக்கும் போகிறது. அழுத்தம் குறைந்தால் பம்பு தானாக ஓடி ஈடுசெய்யும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்ததும் சில விநாடிகள் ‘உர்ர்’ என்று கேட்பது இந்தப் பம்பின் ஒலிதான். கிளம்பும் நேரத்தில் அழுத்தம் தயாராக இருக்க வேண்டும் என்பதற்காக அமைப்பு முன்கூட்டியே விழித்துக்கொள்கிறது. அழுத்தம் போதவில்லை என்றால் கணினி கியர் போட மறுத்து எச்சரிக்கை காட்டும்.

இதிலிருந்தே முதல் சந்தேகம் பேட்டரியின் மேல் விழுகிறது. மோட்டார்ஹோமில் இரண்டு பேட்டரித் தொகுதிகள் உண்டு. விளக்கு, தண்ணீர்ப் பம்பு, தொலைக்காட்சி எல்லாம் வீட்டுப் பகுதியின் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கின்றன. என்ஜினைக் கிளப்புவதும் கியர்பாக்ஸை இயக்குவதும் வண்டிப் பேட்டரி. கூரையில் பொருத்திய சூரியத் தகடு பல வண்டிகளில் வீட்டுப் பேட்டரியை மட்டுமே ஏற்றுகிறது. முகாமில் நான்கைந்து நாள் நிற்கும்போது உள்ளே எல்லாம் பளிச்சென்று எரியும், வண்டிப் பேட்டரியோ கேட்பாரின்றி இறங்கிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு, கண்ணாடி எடுக்கவும் வரைபடம் எடுக்கவும் ஓட்டுநர் கதவைத் திறக்கும்போதெல்லாம், அழுத்தம் குறைந்திருந்தால் கியர் பம்பும் அதே பேட்டரியில் ஓடுகிறது. ஐந்தாம் நாள் காலை என்ஜின் கிளம்பிவிடும், கியர் விழாது. ‘என்ஜின் கிளம்பியதே, பேட்டரி எப்படிக் கெட்டிருக்கும்?’ என்ற வாதம் இங்கே செல்லாது. கணினிகளுக்குத் தேவைப்படும் வோல்ட் எல்லை வேறு, ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்ற வைக்கும் எல்லை வேறு.

ஒரு சாதாரண மல்ட்டிமீட்டர் இந்தக் கட்டத்தில் எந்த ஸ்கேனரையும்விடப் பயன்படும். இரவு முழுக்க நின்ற வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அல்லது சற்று மேலே காட்டும். 12.2 என்றால் பாதி தீர்ந்துவிட்டது. ஸ்டார்ட்டர் சுற்றும் நேரத்தில் 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரியோ அதன் இணைப்போ சரியில்லை. என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வழக்கம். ஆனால் யூரோ 6 காலத்து வண்டிகளில் ஆல்ட்டர்னேட்டரே தேவைக்கேற்ப வோல்ட்டைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது, அதனால் அங்கே ஓர் எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. டுகாட்டோவின் வண்டிப் பேட்டரி இடது பக்கக் கால்வைப்புத் தரையின் அடியில் இருக்கிறது. மூடியைக் கழற்றினால்தான் தெரியும் என்பதால், அதன் முனைகள் ஆண்டுக்கணக்கில் யாரும் பார்க்காமல் கிடப்பது சாதாரணம். தளர்ந்த முனையும் பச்சைக் களிம்பு படிந்த முனையும் ஒரே விளைவைத் தரும்.

அடுத்தது எர்த் பட்டை. என்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றுக்கும் வண்டியின் உடலுக்கும் மின்சாரத் தொடர்பு, பின்னிய செம்புப் பட்டை ஒன்றின் வழியாகத்தான். குளிர்கால ஐரோப்பியச் சாலைகளில் தூவப்படும் உப்பு இந்தப் பட்டையை உள்ளுக்குள்ளேயே தின்றுவிடும். வெளியே பார்த்தால் பட்டை இருக்கும், உள்ளே நான்கைந்து இழை மட்டும் மிச்சமிருக்கும். டுகாட்டோ மோட்டார்ஹோம் வைத்திருப்போர் வட்டத்தில் மிகப் பழகிய கோளாறு இது. சோதிக்க, மல்ட்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்மின் முனையிலும் மற்றதைக் கியர்பாக்ஸின் வெறும் உலோகத்திலும் வைத்து, இன்னொருவர் ஸ்டார்ட்டரை இயக்க வேண்டும். 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் பட்டையை மாற்ற வேண்டும். மீட்டர் இல்லாத இடத்திலும் வழி உண்டு. ஜம்ப் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்மின் முனையிலும் மறுமுனையை என்ஜினின் வெறும் உலோகப் பகுதியிலும் கவ்வவிட்டுக் கிளப்பிப் பார்க்கலாம். தொல்லை உடனே நீங்கினால் குற்றவாளி பிடிபட்டது. புதுப் பட்டையின் விலை மிகச் சொற்பம். இதைப் பார்க்காமலே பம்பை மாற்றியவர்களின் பட்டறைச் சீட்டில் இருக்கும் தொகையோடு அதை ஒப்பிடவே முடியாது.

மழைக்கு அடுத்த நாளோ, வண்டியைக் கழுவிய அன்றோ விளக்கு எரிந்தால் கவனம் கனெக்டர்களின் பக்கம் திரும்ப வேண்டும். 2006க்குப் பிந்தைய டுகாட்டோக்களில் முன்கண்ணாடியின் அடித்தட்டில் சேரும் நீர் வடியும் வழி அடைத்துக்கொண்டால், அது என்ஜின் மேல் சொட்டத் தொடங்கும். மரங்களின் அடியில் நிறுத்தப்படும் மோட்டார்ஹோமில் இலைச் சருகு அந்த வழியை அடைப்பதற்கு ஒரு இலையுதிர்காலம் போதும். கியர்பாக்ஸின் மேலுள்ள கனெக்டர்களைக் கழற்றிப் பார்த்துப் பச்சை படிந்திருந்தால், மின் இணைப்புகளுக்கான துப்புரவுத் தெளிப்பானால் சுத்தம் செய்து, காயவிட்டு, ‘டிக்’ என்று கேட்கும்வரை அழுத்திப் பொருத்த வேண்டும். கழற்றும் முன் சாவியை அணைத்திருப்பது கட்டாயம். உயர் அழுத்தத் தண்ணீர்க் குழாயால் என்ஜின் பகுதியைக் கழுவும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடலாம்.

பிரேக் மிதியின் மேல் இருக்கும் சிறு சுவிட்சு பலருக்கும் நினைவுக்கு வருவதில்லை. நின்ற நிலையிலிருந்து கியர் போட, கால் பிரேக்கில் இருக்கிறதா என்று கணினி உறுதி செய்துகொள்கிறது. சுவிட்சு ஒரு நேரம் சொல்லி ஒரு நேரம் சொல்லாமல் விட்டால் கியரும் ஒரு நேரம் விழுந்து ஒரு நேரம் விழாது. பின்னால் ஒருவர் நின்று பிரேக் விளக்கைப் பார்க்க, பத்துப் பதினைந்து முறை மிதித்தால் தெரிந்துவிடும். ஒருமுறை விளக்கு தவறினாலும் சுவிட்சை மாற்ற வேண்டும்.

இவை அனைத்தும் சரியாக இருந்தால்தான் பம்பு, குடுவை, எண்ணெய் என்ற வரிசைக்கு வர வேண்டும். மாடியில் தண்ணீர்த் தொட்டியும் கீழே மோட்டாரும் உள்ள வீட்டில், யாரும் குழாய் திறக்காதபோதே மோட்டார் அடிக்கடி ஓடினால் எங்கோ கசிகிறது என்று பொருள். இங்கும் கணக்கு அதுதான். சாவியைத் திருப்பி, கியர் எதையும் தொடாமல், பம்பு எத்தனை நேரத்துக்கு ஒருமுறை ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தால் போதும். சில விநாடிகளுக்கு ஒருமுறை ஓடினால், குடுவையின் நைட்ரஜன் தீர்ந்திருக்கலாம் அல்லது ஏதோ வால்வு உள்ளுக்குள் கசியலாம். பம்பே ஓடவில்லை என்றால் முதலில் அதன் ஃபியூஸையும் ரிலேயையும் பார்க்க வேண்டும். ரிலே உள்ளே கருகியிருந்தால் ஒரு நேரம் வேலை செய்து ஒரு நேரம் மறுக்கும், அணைத்துக் கிளப்பினால் போய்விடும் கோளாறுக்கு இதுவும் பழகிய காரணம். பம்பை இயக்க வைத்து, ரிலேயைக் கையால் தொட்டுப் பார்த்தால் ‘டக்’ என்று அடிப்பது தெரியும். அடித்தும் பம்பு ஓடவில்லையென்றால் கோளாறு ரிலேயின் தொடுமுனையில் அல்லது பம்பில்.

இந்த எண்ணெய் கியர்பாக்ஸ் எண்ணெய் அல்ல, பிரேக் எண்ணெயும் அல்ல. கையேடு குறிப்பிடும் தனி வகையை மட்டுமே ஊற்ற வேண்டும். வழியில் ஏதோ ஒரு பெட்ரோல் நிலையத்தில் கிடைத்ததை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிப் போய், சிறு கோளாறு பெருஞ்செலவாக மாறும். பம்பு அழுத்தம் ஏற்றிய நிலையிலும் இறங்கிய நிலையிலும் தொட்டியில் எண்ணெய் மட்டம் வேறுபடும் என்பதால், எந்த நிலையில் அளக்க வேண்டும் என்று கையேட்டைப் பார்த்த பிறகே ‘குறைந்துவிட்டது’ என்று சொல்லலாம்.

கேள்வியில் முகாம் மைதானம் என்று வருவதால் கிளட்ச் சூட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. உலர்ந்த கிளட்ச் வழுக்கும்போது சூடாகிறது. மூன்றரை டன் வண்டியைச் சமப்படுத்தும் பிளாஸ்டிக் ஆப்புகளின் மேல் அங்குலம் அங்குலமாக ஏற்றுவது, ஈரப் புல்லில் ஏற்றமாகப் பின்னோக்கிச் செல்வது, மேட்டில் பிரேக் போடாமல் ஆக்சிலேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்துவது ஆகிய மூன்றும் கிளட்சைக் கருகவைக்கும் வேலைகள். சூடு எல்லை மீறினால் எச்சரிக்கை ஒலியோடு விளக்கு வரும், கால் மணி நேரம் நிறுத்தினால் தானே போகும். எரிந்த நாற்றம் சேர்ந்து வந்தால் சந்தேகமே இல்லை. இதைக் கோளாறு என்று சொல்வதைவிட, வண்டியிடம் கேட்கக் கூடாத வேலையைக் கேட்டதன் விளைவு என்பதே சரி. ஆப்பின் மேல் ஏற்ற வேண்டுமானால் சற்றே வேகத்தோடு ஒரே மூச்சில் ஏற்றி, பிரேக்கில் நிறுத்த வேண்டும். கம்ஃபர்ட்மேட்டிக்கில் ‘அப்’ என்ற பொத்தான் இருப்பது பாரத்தோடு ஏற்றம் ஏறுவதற்காக. மலைப்பாதையில் அதை அழுத்திவைத்தால் கியர் அடிக்கடி மாறித் தடுமாறுவது குறையும்.

கேள்வி: டார்க் கன்வெர்ட்டர் வகையில் இதே எச்சரிக்கை வந்தால் தேடும் முறை மாறுமா?

பதில்: பேட்டரி, எர்த், கனெக்டர் என்ற முதல் மூன்றும் மாறாது. அதன் பிறகு கவனம் எண்ணெயின் மேல் போகிறது, ஏனென்றால் இந்த வகையில் விசையைக் கடத்துவது, குளிர்விப்பது, வால்வுகளை இயக்குவது மூன்றும் அதே எண்ணெய்தான்.

இந்த எண்ணெயின் மட்டத்தை இஷ்டப்பட்ட நேரத்தில் பார்க்க முடியாது. சூடாகும்போது அது விரிவதால், ஒவ்வொரு கியர்பாக்ஸுக்கும் அளக்க வேண்டிய வெப்பநிலை குறிக்கப்பட்டிருக்கும். இவெகோ டெய்லியில் 2014 முதல் வரும் ஹை-மேட்டிக், இசட்எஃப் நிறுவனத்தின் 8 வேக கியர்பாக்ஸ். அதில் டிப்ஸ்டிக் கிடையாது. எண்ணெய் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது, என்ஜின் ஓட, வழிந்தோடும் துளையின் மட்டத்தை வைத்துப் பார்ப்பார்கள். மெர்சிடிஸ் ஸ்பிரின்டரின் பழைய 5 வேக கியர்பாக்ஸில் குழாய் உண்டு, டிப்ஸ்டிக் பட்டறையில்தான் இருக்கும், அளப்பது 80 டிகிரியில். அமெரிக்க மோட்டார்ஹோம்களில் காணப்படும் ஆலிசன் 3000 வரிசை இன்னும் வசதி. பொத்தான் வகைத் தேர்வியில் மேல், கீழ் அம்புக்குறிகளைச் சேர்த்து அழுத்தினால் மட்டம் திரையிலேயே வரும். வண்டி சமதளத்தில் நின்று, நியூட்ரலில், இரண்டு நிமிடம் ஓடவிட்ட பிறகே காட்டும். அது காட்டும் எழுத்துகளின் பொருள்: போதும், ஒரு குவார்ட் குறைவு, ஒரு குவார்ட் அதிகம். மேலும் அழுத்தினால் கோளாறுக் குறியீடுகளும் வரும்.

‘ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்’ என்று சொல்லப்படும் எண்ணெயைப் பற்றி இசட்எஃப் நிறுவனமே தரும் அறிவுரை வேறு. 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளுக்குள் மாற்றச் சொல்கிறது. மோட்டார்ஹோம் ஆண்டுக்கு ஐந்தாறாயிரம் கிலோமீட்டர்தான் ஓடும் என்பதால் இங்கே ஆண்டுக் கணக்கே முதலில் வரும். கருத்து, எரிந்த வாசனையடிக்கும் எண்ணெய் சூட்டின் சாட்சி. நீண்ட ஏற்றத்தில் மெதுவாக, உயர் கியரில் இழுத்துக்கொண்டு போவதால் கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்ளாமல் வழுக்கி எண்ணெய் கொதிக்கிறது. ஒரு கியர் இறக்கி, என்ஜின் சுழற்சியைக் கூட்டி ஏறினால் சூடு குறையும். மலையுச்சியில் உடனே அணைத்துவிடாமல் சில நிமிடம் ஓடவிட்டால் குளிர்விப்பான் மிச்சச் சூட்டை எடுத்துவிடும்.

ஸ்பிரின்டரின் 5 வேக கியர்பாக்ஸில் தனியாகக் குறிப்பிடத் தக்க ஒரு நோய் உண்டு. அதன் வேக சென்சார்கள் கியர்பாக்ஸுக்குள், சூடான எண்ணெயில் மூழ்கிய ஒரு மின்தகட்டின் மேல் இருக்கின்றன. பழையவை குளிர்ந்தபோது நன்றாக வேலை செய்து, சூடானதும் மௌனமாகிவிடும். வெளியே வரும் 13 முள் கனெக்டரின் சீல் கசிந்தால், எண்ணெய் ஒயருக்குள்ளேயே ஊர்ந்து கட்டுப்பாட்டுக் கணினி வரை போய்விடுவதும் தெரிந்த கதை. இரண்டுக்கும் விளைவு ஒன்றுதான்: கியர் மாறாமல் ஒரே நிலையில் ஒட்டிக்கொள்ளும் லிம்ப் மோடு. அப்போது ஓரமாக நிறுத்தி, பார்க்கிங்கில் போட்டு, அணைத்து, குறைந்தது பத்து விநாடி கழித்துக் கிளப்பினால் இரண்டாம் கியரும் ரிவர்சும் கிடைக்கும் என்று கையேடே சொல்கிறது. அந்த நிலையில் அருகிலுள்ள பட்டறைக்கு மெல்லப் போய்ச் சேரலாம். ஒரு மின்தகட்டையும் கனெக்டரையும் மாற்றினால் தீரும் வேலைக்காகக் கியர்பாக்ஸையே மாற்றிய உரிமையாளர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: வழியில் ஸ்கேனர் வாங்கிவைத்துக்கொள்வது பயன் தருமா?

பதில்: தரும், எந்த ஸ்கேனர் என்பதைப் பொறுத்து. செல்போனோடு இணையும் மலிவான பொது ஸ்கேனர்கள் என்ஜின் கணினியை மட்டுமே படிக்கும். அது தருவது பெரும்பாலும் பி0700 என்ற ஒரே குறியீடு. ‘கியர்பாக்ஸ் கணினி ஏதோ சொல்ல விரும்புகிறது’ என்பதற்கு மேல் அதில் செய்தி இல்லை. கியர்பாக்ஸ் கணினியோடு நேரே பேச, அந்தந்தத் தயாரிப்புக்கென்று உள்ள மென்பொருள் வேண்டும். ஃபியட் குடும்பத்துக்கு மல்ட்டிஇசியூஸ்கேன் பரவலாகப் பயன்படுகிறது. அதற்கு மடிக்கணினியும், சில மாடல்களுக்கு இடையில் பொருத்தும் தனிக் கேபிளும் தேவை.

குறியீடுகளைப் படித்ததும் முதல் வேலை அவற்றைப் படம் எடுத்துவைப்பது. பல குறியீடுகள் கூட்டமாக வந்தால், பி0562 போன்ற ‘மின்னழுத்தம் குறைவு’ வகையை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். மற்றவை அதன் பின்விளைவாக இருக்கக்கூடும். யூ0101 என்றால் மற்றக் கணினிகளுக்குக் கியர்பாக்ஸ் கணினியின் குரல் கேட்கவில்லை, அதாவது ஒயர், ஃபியூஸ், எர்த் பக்கம் தேட வேண்டும். பி0715, பி0720 இரண்டும் வேக சென்சார்களைச் சுட்டுபவை. பி0218 சூடு. பி0730 மட்டும் கொஞ்சம் கவலை தரும் குறியீடு. போட்ட கியருக்கும் கிடைத்த வேகத்துக்கும் கணக்கு ஒத்துவரவில்லை என்பது அதன் பொருள், உள்ளே வழுக்கல் இருக்கலாம். ஏபிஎஸ், ஸ்டியரிங், கியர் விளக்குகள் சேர்ந்தே எரிந்தால், அத்தனையும் ஒரே நாளில் கெட்டுப்போயிருக்காது. பொதுவான மின்சாரத்தில்தான் குறை.

கேள்வி: பயணத்தைத் தொடரலாமா, நிறுத்த வேண்டுமா?

பதில்: விளக்கு மட்டும் வந்துபோய், கியர்கள் ஒழுங்காக மாறி, நாற்றமோ சத்தமோ இல்லையென்றால் சமவெளிச் சாலையில் அடுத்த பட்டறை வரை போகலாம். எண்ணெய் சொட்டுகிறது, எரிந்த நாற்றம் வருகிறது, என்ஜின் இரைந்தும் வேகம் ஏறவில்லை, ஓடும்போதே கியர் நியூட்ரலுக்கு விழுகிறது என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

நடுவில் இருக்கும் நிலையில் பாதையை மாற்றுவதே விவேகம். 2,757 மீட்டர் உயரத்தில், ட்ரஃபோய் பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ஸ்டெல்வியோ கணவாயை, சந்தேகமுள்ள ரோபோ கிளட்சோடு ஏறுவது வேண்டாத வம்பு. ஆஸ்திரியாவிலிருந்து இத்தாலிக்கு, சுமார் 1,370 மீட்டர் உயரமே உள்ள பிரென்னர் நெடுஞ்சாலை இருக்கிறது. கிட்டத்தட்ட 17 கிலோமீட்டர் நீளமுள்ள காட்ஹார்ட் சுரங்கப்பாதையின் நடுவில் வண்டி நின்றால் சங்கடம் ஓட்டுநரோடு முடிவதில்லை. படகில் ஏறும் சாய்தளத்தில் நின்று நின்று நகரும் வரிசையும் கிளட்சுக்குப் பகைதான்.

நின்றுவிட்டால் இழுத்துச் செல்லும் முறையிலும் எச்சரிக்கை தேவை. டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் என்ஜின் ஓடாமல் சக்கரம் சுழன்றால் உள்ளே எண்ணெய் ஓடாது, கியர்பாக்ஸ் வறண்டு அரைபடும். முன்சக்கர ரோபோ வண்டியில் கியர் ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொண்டிருந்தால் சக்கரமே சுழலாது. எனவே இயக்கும் சக்கரங்களைத் தூக்கியோ, முழு வண்டியைத் தட்டையான ரிக்கவரி லாரியில் ஏற்றியோதான் கொண்டுபோக வேண்டும். உதவி கேட்கும்போதே வண்டியின் நீளம், உயரம், எடை, பின்பக்க நீட்டம் நான்கையும் சொல்லிவிட்டால், கார் ஏற்றும் லாரி வந்து வெறுங்கையோடு திரும்பும் நிலை வராது. பிரான்சின் கட்டண நெடுஞ்சாலைகளில் சொந்தக் காப்பீட்டின் இழுவை வண்டி உள்ளே வர முடியாது. ஓரத்திலுள்ள ஆரஞ்சு நிற அவசரத் தொலைபேசியில் அழைத்தால், அங்கு அனுமதி பெற்ற நிறுவனம் வந்து வண்டியை நெடுஞ்சாலைக்கு வெளியே எடுத்துச் செல்லும். கட்டியதற்கான ரசீதை வாங்கிவைத்துக் காப்பீட்டில் பின்னர் கேட்கலாம்.

கேள்வி: பட்டறையில் வண்டி ஒழுங்காக நடந்துகொண்டால் எப்படி நிரூபிப்பது?

பதில்: விளக்கு எரிந்த ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதிவைத்தால் போதும்: வெளியே வெப்பம் எவ்வளவு, கிளம்பி எத்தனை நேரம் ஆனது, மேடா சமதளமா, எந்தக் கியர், மழை பெய்ததா, 12 வோல்ட்டில் குளிர்சாதனப் பெட்டி ஓடியதா, வோல்ட் எவ்வளவு. ஏழெட்டு வரி சேர்ந்ததும் அதில் ஒரு ஒழுங்கு தெரியும். காலையில் மட்டும் வந்தால் பேட்டரி, சூடேறிய பின் மட்டும் வந்தால் சென்சார் அல்லது எண்ணெய், குழிச்சாலையில் வந்தால் ஒயர் என்று மெக்கானிக் தேடலைச் சுருக்கிக்கொள்ளலாம். டாஷ்போர்டைக் காணொளி எடுத்துவைப்பது இன்னும் நல்லது, பம்பின் ஒலியும் அதில் பதிவாகும். ஸ்கேனரை மாட்டியபடி ஒயர்க் கட்டுகளையும் கனெக்டர்களையும் ஒவ்வொன்றாக அசைத்து, எதை அசைக்கும்போது எண் துள்ளுகிறது என்று பார்க்கும் பழைய முறையை இன்றும் எதுவும் மிஞ்சவில்லை.

கார் ஷோரூம் பட்டறைகளில் மூன்று மீட்டர் உயர வண்டி உள்ளேயே நுழையாது. அதே தயாரிப்பாளரின் சரக்கு வேன் பிரிவுப் பட்டறைக்குப் போனால் லிஃப்டும் இருக்கும், ரோபோ கியர்பாக்ஸில் கைபழகிய ஆளும் கிடைக்க வாய்ப்பு அதிகம். பம்பு, வால்வுத் தொகுதி, கிளட்ச் இவற்றில் எதை மாற்றினாலும், கிளட்ச் எந்தப் புள்ளியில் பிடிக்கத் தொடங்குகிறது என்பதைக் கணினிக்கு ஸ்கேனர் வழியாக மறுபடி கற்பிக்க வேண்டும். அது விடுபட்டால் புதுப் பாகத்தோடும் பழைய விளக்கே எரியும். கற்பித்து முடித்து, பழைய குறியீடுகளை அழித்து, ஏற்றமும் நெரிசலும் உள்ள பாதையில் ஓட்டி, மீண்டும் ஒருமுறை படித்துப் பார்த்த பிறகே பட்டறைக்குப் பணம் கொடுத்து வண்டியை எடுக்க வேண்டும்.